பகிர்வு வழங்கிகளின் அமைவடிவப் பிழைகளும் தமிழ் இணையப் பக்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பல இணையதளங்கள் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவர் இழைக்கும் அமைவடிவப் பிழை பிறரைத் தாக்காமல் தடுப்பது எப்படி என்னும் வினாவுக்கு அப்பாச்சி வழங்கி மென்பொருள் கண்ட விடைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. வழங்கியை நிறுத்திவிடும் பிழைகளுக்கு மென்பொருளாளர் படிப்படியாகத் தீர்வு கண்டனர். வழங்கி பிழையென்றே உணராத பிழைகள் அந்தத் தீர்வுகளுக்குள் அடங்கவில்லை. தமிழ்ப் பக்கங்களின் எழுத்துகள் சிதைந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பிழையால்தான் என்பதும், தொடக்ககாலத் தமிழ் இணையப் பனுவல்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: பகிர்வு வழங்கி, அமைவடிவம், குறியேற்றம், இயல்பிருப்பு, திஸ்கி, ஒருங்குறி, பனுவல் மீட்பு.

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுவரை எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றமை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, அதனைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்கள், இணையத் தமிழர் தம்முள் கலந்து உருவாக்கிய திஸ்கி, 2010இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றமை ஆகியன அவ்வரலாற்றின் மைல்கற்கள். இவை அனைத்தும் எழுதுவோரின் கணினியிலும் படிப்போரின் கணினியிலும் நிகழ்ந்த மாற்றங்கள். இரண்டுக்கும் நடுவே நின்ற வழங்கி இவ்வரலாற்றில் பேசப்படுவதில்லை. தபாலில் வந்த நூலை மதிப்பிடும்போது தபால்காரரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது போன்றது இது. எனினும் இந்தத் தபால்காரர் உறையின்மீது தாமாக ஒரு முத்திரை குத்தி, நூல் எந்த எழுத்தில் உள்ளது என்று அறிவிக்கும் அதிகாரமும் பெற்றிருந்தார். அந்த முத்திரை தவறானபோது நூல் படிக்க முடியாததாயிற்று.

மதகும் மடையும்

பகிர்வு வழங்கியின் அமைப்பை நீர்ப்பாசன அமைப்போடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஓசூர் அருகே தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட கெலவரப்பள்ளி அணையிலிருந்து இடது, வலது கால்வாய்கள் வழியே பாசனத்துக்கு நீர் செல்கிறது. அணையின் மதகு பொதுப்பணியாளரின் பொறுப்பு. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் திறக்கும் மடை உழவரின் கையில் உள்ளது. உழவர் மடையைத் தவறாகத் திறந்தால் அவர் வயலும், மிஞ்சிப்போனால் அண்டை வயலும் கெடும். மதகில் தவறு நேர்ந்தால் ஆயக்கட்டு முழுவதும் பாதிக்கப்படும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும் தவறுகள். கர்நாடகப் பகுதியிலிருந்து ஆற்றோடு வரும் கழிவுநீரால் இந்த அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரைத்து ஓடுவது அடிக்கடி செய்தியாகிறது. அங்கே மதகும் பழுதில்லை, மடையும் பழுதில்லை. நீர் உரிய அளவில் உரிய வயலுக்குச் செல்கிறது. கேடு நீரிலேயே கலந்து வருகிறது.

பகிர்வு வழங்கியிலும் இவ்வாறே மூன்று நிலைகள் உள்ளன. வழங்கி முழுமைக்குமான முதன்மை அமைவடிவக் கோப்பு மதகு எனில், ஒவ்வொரு பயனரும் தம் அடைவில் இட்டுக்கொள்ளும் கோப்பு மடை. மேலிடத்திலிருந்து எவரும் கேளாமலே வந்து சேரும் இயல்பிருப்பு அமைவு மூன்றாவது.

அடைவுக் கோப்பின் தோற்றம்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் 1993இல் உருவாக்கிய வழங்கி மென்பொருளில்தான் அடைவுதோறும் தனி அமைவடிவக் கோப்பு என்னும் கருத்து நிலைபெற்றது. மெக்கூல் 1994இல் அம்மையத்தை விட்டு விலகிய பின்னர், அந்த மென்பொருளைப் பயன்படுத்திய தள நிர்வாகிகள் தத்தம் திருத்தங்களை ஒன்றுசேர்த்து 1995 ஏப்ரலில் அப்பாச்சியின் முதற்பொது வெளியீட்டையும், அதே ஆண்டு டிசம்பரில் 1.0 பதிப்பையும் வெளியிட்டனர். என்.சி.எஸ்.ஏ. மென்பொருளிலிருந்து அப்பாச்சிக்கு வந்த செல்வங்களுள் ஒன்று ‘டாட் எச்.டி.அக்செஸ்’ என்னும் கோப்பு.

அக்கோப்பு பல்கலைக்கழகச் சூழலின் குழந்தை. ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான பேராசிரியர்களும் மாணவர்களும் தத்தம் பக்கங்களை வைத்திருந்தனர். ஒருவர் தம் பக்கத்துக்குக் கடவுச்சொல் இட விரும்பினால், நிர்வாகியிடம் சென்று முதன்மைக் கோப்பைத் திருத்தச் சொல்லி, வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டிய தேவை இராமல், தம் அடைவிலேயே ஓரிரு வரி எழுதிக்கொள்ளலாம். வழங்கி ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் அக்கோப்பைப் புதிதாகப் படித்துக்கொள்ளும்.

இந்த வசதியிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் படிக்கப்படுவதால், கோப்பில் உள்ள எழுத்துப்பிழையை முன்கூட்டிச் சோதிக்கும் தருணம் என ஒன்று இல்லை. எழுதியவர் கோப்பை ஏற்றிவிட்டு உறங்கச் சென்றிருப்பார். பிழை முதன்முதலில் வெளிப்படுவது படிக்க வந்தவர் கண்ணில்தான். அவருக்குக் கிடைப்பது ‘500’ என்னும் எண்ணிட்ட உள்வழங்கிப் பிழை அறிவிப்பு. காரணம் எதுவும் அவருக்குச் சொல்லப்படாது. காரணம் பதிவாகும் பிழைப்பதிவேடு நிர்வாகியின் கையில் இருக்கும். பகிர்வு வழங்கியில் பக்கத்தை எழுதியவருக்கே அப்பதிவேட்டைக் காணும் உரிமை பல இடங்களில் இல்லை. பிழையைச் செய்தவர், பிழையைக் கண்டவர், பிழையின் காரணத்தை அறிந்தவர் என மூவரும் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 வரையறை, வேண்டுகோளில் தளத்தின் பெயரையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. ஒரே இணைய முகவரியில் எத்தனை தளங்களையும் வைக்கலாம் என்பது இதனால் உறுதியாயிற்று. பல்கலைக்கழகப் பழக்கம் வணிகமாயிற்று. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே வழங்கியில் குடியிருக்கத் தொடங்கினர்.

‘நயமான’ மறுதொடக்கம்

முதன்மைக் கோப்பின் பிழை நிர்வாகியின் கவலை. அப்பாச்சியை நிறுத்தாமல், நடப்பிலுள்ள வேண்டுகோள்களை முடிக்கவிட்டுப் புதிய அமைவடிவத்துக்கு மாற்றும் முறைக்கு ‘கிரேஸ்ஃபுல்’ என்றே பெயரிட்டனர். தமிழில் இதனை ‘நயமான மறுதொடக்கம்’ எனலாம். ஆனால் தொடக்கத்தில் அந்த நயம் பாதியளவே இருந்தது. கோப்பில் பிழை இருக்கும் நிலையில் மறுதொடக்க ஆணை கொடுத்தால் தாய்ச்செயலி மீண்டும் எழாது, பிழை கூறி வெளியேறிவிடும் என அப்பாச்சியின் கையேடே எச்சரித்தது. ஆகவே முதலில் கோப்பைச் சோதித்துவிட்டு, பின்னர் மறுதொடக்கம் செய்யும் பழக்கம் நிர்வாகிகளிடம் வேரூன்றியது. பிற்காலப் பதிப்புகளில் மறுதொடக்க ஆணையே இச்சோதனையை முதலில் செய்து, பிழை இருந்தால் தொடங்க மறுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியை அப்படியே விட்டுவிடுமாறு மாற்றப்பட்டது.

ருஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் இதனை அடிப்படைக் கொள்கையாகவே கொண்டது. புதிய அமைவடிவத்தை ஏற்க முடியாவிட்டால் பழையதிலேயே தொடரும். அடைவுக் கோப்பு என்பதே அதில் இல்லை. மடையை மூடிவிட்டால் மடைத்தகராறு இல்லை என்னும் தீர்வு அது. பகிர்வு வழங்கியின் குடியிருப்போருக்கு அத்தீர்வு உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மதகும் மடையும் தனித்தனி என்னும் இப்பிரிவு முற்றிலும் உறுதியானதா என்ற ஐயத்தை 2021 ஜூன் 8ஆம் நாள் எழுப்பியது. ஃபாஸ்ட்லி என்னும் உள்ளடக்க வழங்கல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் தம் அமைவடிவத்தை மாற்றினார். மாற்றம் முறையானது, பிழையற்றது. ஆனால் அது மே மாதத்தில் நிறுவனம் ஏற்றிய மென்பொருளில் மறைந்திருந்த குறையைத் தூண்டியது. அந்நிறுவன வலையமைப்பின் 85 விழுக்காடு பிழை அறிவிப்பை வழங்கத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ், கார்டியன், பிரிட்டன் அரசின் தளம் ஆகியவை ஒரே நேரத்தில் மறைந்தன. 49 நிமிடங்களில் வலையமைப்பின் 95 விழுக்காடு மீண்டது. பேரிழப்பு என்றாலும் உலகம் முழுவதும் அதனைக் கண்டது, ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட்டது. இனிக் காணவிருக்கும் பிழைக்கு இவ்விரு பேறுகளும் வாய்க்கவில்லை.

இயல்பிருப்பு என்னும் முத்திரை

2000 பிப்ரவரியில் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட், வலைப்பக்கங்களில் தீய நிரல்களைப் புகுத்தும் தாக்குதல் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. பக்கத்தின் குறியேற்றம் அறிவிக்கப்படாமல் இருப்பது அத்தாக்குதலுக்கு வாய்ப்பளிக்கும் என்பது அதன் ஒரு கூறு. அப்பாச்சி 1.3.12 பதிப்பில் இதற்கு விடையாக ‘ஆட்டிஃபால்ட்கேர்செட்’ என்னும் கட்டளை சேர்ந்தது. குறியேற்றம் குறிப்பிடப்படாத ஒவ்வொரு பக்கத்துக்கும் வழங்கியே ஒரு குறியேற்றப் பெயரைத் தலைக்குறிப்பில் சேர்த்து அனுப்பும். அடுத்துவந்த 2.0 வரிசையின் மாதிரி அமைவடிவக் கோப்பில் இக்கட்டளை ‘ஐ.எஸ்.ஓ. 8859-1’ என்னும் மேற்கு ஐரோப்பியக் குறியேற்ற மதிப்புடன் செயல்நிலையிலேயே இடம்பெற்றது. மாதிரிக் கோப்பு என்பது நடைமுறையில் பெரும்பாலான நிர்வாகிகள் கைவைக்காமல் பயன்படுத்தும் கோப்பு.

பக்கத்தை எழுதியவர் பக்கத்துக்குள்ளேயே ‘மெட்டா’ குறிச்சொல்லில் தம் குறியேற்றத்தை அறிவித்திருக்கலாம். ஆனால் 1999 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.01 வரையறையின்படி, தலைக்குறிப்பில் வழங்கி சொல்வதே முதன்மையானது. பக்கத்துக்குள் எழுதியது அதற்கு அடுத்தது. உலாவிகள் அவ்வாறே செய்தன. ஆசிரியரின் சொல்லைவிடத் தூதரின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது விதியாயிற்று. குறியேற்றங்களைத் தானே மாற்றித் தரும் இடைவழங்கிகளை எண்ணி அவ்விதி செய்யப்பட்டதற்கு நியாயம் உண்டு. பகிர்வு வழங்கியில் அந்த நியாயம் தலைகீழாகிறது. அங்கே பக்கம் தமிழா கிரேக்கமா என்பதே வழங்கிக்குத் தெரியாது.

இவ்வழங்கியில் ஏற்றப்பட்ட ஒருங்குறித் தமிழ்ப் பக்கத்துக்கு நேர்வது இது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொண்டது. முதற்பைட்டின் மதிப்பு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாய் 15 பைட்டுகள் பெறும். இதனை ஐ.எஸ்.ஓ. 8859-1 எனக் கொண்டு உலாவி படித்தால் 224 என்பது மேலே சாய்கோடு இட்ட இலத்தீன் முதலெழுத்தாகவும், 174 என்பது வட்டத்துள் அடங்கிய வணிகப் பதிவுக் குறியாகவும் தோன்றும். அக்காலத் தமிழ் வாசகர் எவரும் இந்த இணையைக் கண்டிருப்பர். சாய்கோட்டு எழுத்தும் வணிகக் குறியும் மாறி மாறிப் பக்கம் முழுதும் நிரம்பிய தோற்றம் அது.

வழங்கியின் நோக்கில் இங்கே பிழை ஏதும் இல்லை. கோப்பு கிடைத்தது, முழுமையாக அனுப்பப்பட்டது, ‘200’ என்னும் வெற்றிக் குறி பதிவேட்டில் ஏறியது. பிழைப்பதிவேட்டில் ஒரு வரியும் இராது.

இடம் மாறிய பாதிப்பு

இதே முத்திரை திஸ்கிப் பக்கங்களைப் பாதிக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் முரண். திஸ்கி, டாம், டாப் முதலிய எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள் இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. உலாவி பக்கத்தை இலத்தீன் என்று நம்ப வேண்டும், எழுத்துரு மட்டும் தமிழாக இருக்க வேண்டும் என்னும் ஏற்பாட்டில் அவை இயங்கின. எனவே வழங்கி ‘மேற்கு ஐரோப்பியம்’ என்று பொய் முத்திரை குத்தினால், அப்பொய் அவற்றுக்குத் துணையாயிற்று. 2000 முதல் சில ஆண்டுகள் ‘ஒருங்குறி இன்னும் சரியாக வேலை செய்யவில்லை, திஸ்கிதான் எங்கும் தெரிகிறது’ என்னும் எண்ணம் நிலவியதற்குப் பழைய இயங்குதளங்களும் எழுத்துருப் பற்றாக்குறையும் முதற்காரணங்கள். அக்காரணங்களோடு வழங்கியின் இயல்பிருப்பையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பின்னர் நிலை தலைகீழாயிற்று. தளம் முழுமைக்கும் ஒரே குறியேற்றத்தைத் திணிப்பதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று கூறி, அப்பாச்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ராய் ஃபீல்டிங் அக்கட்டளையை மாதிரிக் கோப்பிலிருந்து நீக்கினார். ஆனால் ரெட் ஹாட் குடும்ப லினக்ஸ் வெளியீடுகள் அதனை நீக்காமல் மதிப்பை மட்டும் ‘யூ.டி.எஃப்-8’ என மாற்றி வைத்துக்கொண்டன. சென்ட்ஓஎஸ் 7 வரையிலும் அவ்வரி அங்கே இருந்தது. இப்போது ஒருங்குறிப் பக்கங்கள் பிழைத்தன. அதே வழங்கியில் ஆண்டுக்கணக்காக நன்கு தெரிந்துகொண்டிருந்த திஸ்கிப் பக்கங்கள், நிர்வாகி மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் சாய்சதுரத்துள் வினாக்குறி இட்ட வடிவங்களாக மாறின. பக்கத்தை எழுதியவர் எதையும் தொடவில்லை. திருத்தம் என்று செய்யப்பட்டதே பாதிக்கப்படுவோரை இடம் மாற்றியது.

எல்லாத் தமிழ்த் தளங்களும் இவ்வாறு சிதைந்தன என்று கொள்ளலாகாது. அக்கட்டளை இல்லாத வழங்கிகள் பல. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் ஒரே நூலை எட்டுத்துணுக்கிலும் ஒருங்குறியிலும் தனித்தனியே வெளியிட்டு இடரைக் குறைத்தன. இடரை மிகுதியாக ஏற்றவர்கள் தனியாட்கள், சிற்றமைப்புகள், வாடகை குறைந்த பகிர்வு வழங்கியை நாடியவர்கள். அவர்களுடைய பக்கங்களே இன்று வேறெங்கும் கிடைக்காதவை.

ஒரு வரியின் மூன்று விளைவுகள்

இச்சிக்கலுக்கு மருந்து ஒரே வரிதான். அடைவுக் கோப்பில் ‘ஆட்டிஃபால்ட்கேர்செட் ஆஃப்’ என எழுதினால் வழங்கி முத்திரை குத்துவதை நிறுத்திவிடும். பக்கத்துக்குள் உள்ள அறிவிப்பு உயிர்பெறும். ஆனால் அவ்வரியின் விளைவு நிர்வாகி ‘அலவ்ஓவர்ரைடு’ என்னும் கட்டளையில் என்ன அனுமதித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கோப்புத் தகவல் வகையை அனுமதித்திருந்தால் வரி வேலை செய்யும். எதையுமே அனுமதிக்காவிட்டால் கோப்பே படிக்கப்படாது. வரி இருந்தும் இல்லாததுபோல், எந்த அறிவிப்பும் இன்றிப் புறக்கணிக்கப்படும். கடவுச்சொல் வகையை மட்டும் அனுமதித்திருந்தால் ‘இங்கே இது அனுமதிக்கப்படவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த அடைவு முழுவதையும் 500 பிழைக்குள் தள்ளிவிடும். எழுத்து மட்டும் சிதைந்திருந்த தளம், அதனைச் சரிசெய்ய முயன்றதால் முழுவதும் மறையும். எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் இயங்கு எழுத்துரு நுட்பத்துக்காகக் கோப்பு வகையை அறிவிக்கும் ‘ஆட்டைப்’ வரியை எழுதியோருக்கும் இதே மூன்று விளைவுகள் காத்திருந்தன.

அப்பாச்சி 2.4 வரிசை ‘நான்ஃபேட்டல்’ என்னும் தெரிவை அளித்தது. அனுமதிக்கப்படாத கட்டளை, அறியப்படாத கட்டளை ஆகியவற்றைக் கண்டால் அடைவை முடக்காமல், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே செல்லலாம். நயமான கையாளுகை என்பதற்கு இதுவே நேர்பொருள். எனினும் இதன் மறுபக்கத்தைக் கையேடே சுட்டுகிறது. விடப்பட்ட வரி கடவுச்சொல் கேட்கும் வரியாக இருந்தால், மூடியிருக்க வேண்டிய அடைவு திறந்து கிடக்கும். பூட்டு பழுதானால் கதவு மூடியே இருக்க வேண்டும், விளக்கு பழுதானால் கதவு மூடக்கூடாது. அணுகலைக் கட்டுப்படுத்தும் வரிகளுக்கும் தோற்றத்தைக் கட்டுப்படுத்தும் வரிகளுக்கும் வேறுவேறு நெறி தேவை. நிர்வாகி இவ்வேறுபாட்டைக் கட்டளைவாரியாக வகுக்க இத்தெரிவில் இடமில்லை. முன்னெச்சரிக்கையுள்ள நிர்வாகிகள் இதனைப் பயன்படுத்தத் தயங்குவதற்கு நியாயம் உண்டு.

வழங்கியில் எவ்வுரிமையும் அற்றவர்கள், குறிப்பாக ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் எழுதியவர்கள், வேறொரு வழியைக் கைக்கொள்ள முடிந்தது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் அதன் ஒருங்குறி எண்ணாக எழுதுவதே அவ்வழி. த என்பதற்கு 2980, ம என்பதற்கு 2990, இகரக் குறிக்கு 3007, ழ என்பதற்கு 2996, புள்ளிக்கு 3021. எண்களும் நிறுத்தக்குறிகளும் எல்லாக் குறியேற்றங்களிலும் ஒன்றே ஆதலால் எந்த முத்திரையும் அவற்றைச் சிதைக்காது. ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட்டுகளுக்கு மாறாக 35 பைட்டுகள் ஆயிற்று. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் எண்களின் அணிவகுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. அழகற்ற வழிதான். ஆயினும் அக்காலத் தமிழ்ப் பக்கங்களுள் இன்றும் சிதைவின்றித் திறப்பவை இவை. 2003 முதல் வளர்ந்த தமிழ் வலைப்பதிவுகளும் அதே ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒருங்குறியைப் பரப்பியமை பலரும் கூறுவது. அங்கே எழுதியவர்கள் வழங்கியின் அமைவடிவத்தை எண்ணிப் பார்க்கவே தேவையில்லாமல் போனதை அதற்கு ஒரு காரணமாகக் கருதலாம். தொடக்க வலைப்பதிவர்களுள் திஸ்கியில் எழுதியவர்களும் உண்டு என்பதை இங்கு மறத்தலாகாது.

2014 ஜூனில் வெளியான எச்.டி.டி.பி. வரையறைத் திருத்தம், உரைக்கோப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8859-1 என்னும் பழைய இயல்பிருப்பை முற்றாகக் கைவிட்டது.

ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிதைவு

பழைய தமிழ்ப் பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் தேடும் ஆய்வாளர் இருவகைச் சிதைவைச் சந்திக்கிறார். இரண்டும் பார்வைக்கு ஒரே குப்பை. தன்மையில் வேறானவை.

முதல்வகை, யூ.டி.எஃப்-8 பக்கம் இலத்தீனாகக் காட்டப்படுவது. இங்குப் பைட்டுகள் அழியவில்லை, பெயர் மட்டுமே தவறு. இரண்டாம் வகை, திஸ்கிப் பக்கம் யூ.டி.எஃப்-8 எனக் காட்டப்படுவது. திரையில் தோன்றும் சாய்சதுர வினாக்குறியை நகலெடுத்து வைத்தால் மூலப் பைட்டுகள் நகலில் இல்லை. எத்தனை எழுத்துகள் அங்கே இருந்தன என்பதைத் தவிர வேறெதையும் அந்நகலிலிருந்து மீட்க இயலாது. எனவே திரையிலிருந்து நகலெடுக்கும் பழக்கம் இவ்வாய்வில் ஆபத்தானது. காப்பகம் வழங்கியின் தலைக்குறிப்பையும் மூலப் பைட்டுகளையும் சேர்த்தே சேமிக்கிறது என்பதால், அம்மூலப்படியைப் பெற்று, மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224 வருகிறதா எனப் பார்ப்பதே முதல் வேலை. வந்தால் ஒருங்குறி. வராவிட்டால் எட்டுத்துணுக்குக் குறியேற்றங்களுள் ஒன்று. உலாவிகளை இதற்கு நம்ப இயலாது. குரோம் உலாவி குறியேற்றத்தைக் கைம்முறையாக மாற்றும் பட்டியலையே பின்னாளில் நீக்கிவிட்டது. உலாவிகள் பின்பற்றும் குறியேற்ற வரையறையில் திஸ்கி இடம்பெறவில்லை.

முதல்வகையிலும் ஒரு பொறி உண்டு. உலாவிகள் ஐ.எஸ்.ஓ. 8859-1 என்று சொன்னாலும் நடைமுறையில் விண்டோஸ் 1252 என்னும் குறியேற்றத்தையே பயன்படுத்துகின்றன. அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய 5 பைட்டுகளுக்கு எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. உலாவிகள் அவற்றை அழிக்காமல் கடத்திவிடும். கண்டிப்பான மாற்று மென்பொருள்கள் சில, அவற்றை வினாக்குறியாக்கும் அல்லது விட்டுவிடும். தமிழ்க் குறியீடுகளின் மூன்றாம் பைட்டை வைத்து நோக்கினால், 129 உகரக் குறிக்கும், 141 புள்ளிக்கும், 143 ஏகாரத்துக்கும், 144 ஐகாரத்துக்கும் உரியவை. ஆகவே இவ்வழியே சென்று திரும்பிய பனுவலில் பிற எழுத்துகள் அனைத்தும் நலமாக இருக்க, புள்ளியும் உகரமும் சொன்முதல் ஏ, ஐ ஆகியனவும் மட்டும் காணாமற் போயிருக்கும். ஓர் எண்மப் பனுவலில் இந்நான்கு மட்டும் சிதைந்திருந்தால் அது இப்பாதையில் வந்தது என்று உய்த்துணரலாம்.

மீட்பும் இயந்திரத்தனமாக இயலாது. முதலிரு பைட்டுகள் எஞ்சுவதால் ஏ, ஐ ஆகியன ஒரு தொகுதி, உகரமும் புள்ளியும் மற்றொரு தொகுதி எனப் பிரித்தறியலாம். தொகுதிக்குள் எது என்பதைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏடுகளில் புள்ளியிடாது எழுதிய சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட அதே நிலை இது, அவர்கள் கையாண்ட அதே கருவி இங்கும் உதவுகிறது. வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் வாராது. எனவே சொல்லிறுதியில் க, ச, ட, த, ப, ற ஆகியவற்றின் பின்னே சிதைவு இருந்தால் அங்கிருந்தது உகரம் எனலாம். வருமொழி க, ச, த, ப ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கி, நிலைமொழி இறுதியிலும் அதே எழுத்து நின்றால் மட்டும் இவ்விதியை நிறுத்திவைக்க வேண்டும். ‘கூறித் தந்தான்’ என்பதில் தகரத்தின் மேல் இருந்தது புள்ளி. ‘கேட்டு’ என்பதில் நடுவில் இருந்தது புள்ளி, ஈற்றில் இருந்தது உகரம். மெல்லினமும் இடையினமும் ஈற்றில் வருமிடங்களில் புள்ளியே பெரும்பான்மை. பேச்சு வழக்கை அப்படியே எழுதிய பக்கங்களில் ‘ஆள்’, ‘ஆளு’ இரண்டும் வரக்கூடும் என்பதால், அங்கே பக்கத்தின் நடையை நோக்கி ஒவ்வோர் இடமாக முடிவு செய்து, அம்முடிவைப் பாடக்குறிப்பில் பதிவு செய்தல் வேண்டும்.